மர லாரிகளும் இரும்புக் கால்களும்

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலத்துக்கும், சங்கராபுரத்துக்கும், கச்சிராயபாளையத்துக்கும் போகிற சாலைகளில் பிரயாணம் செய்கிறவர்கள், மரம் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வரக் கண்டால் தம்மையறியாமல் ஓரமாக ஒதுங்குவது வழக்கம். ஒதுங்குகிறவர்கள் லாரியின் சக்கரத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. அதன் முதுகில் அடுக்கியிருக்கும் மரங்களைக் கண்டே அஞ்சுகிறார்கள். அம்மரங்களைச் சாலையில் உருண்டு விழாதபடி பிடித்துக்கொண்டிருப்பவை லாரியின் இரு பக்கங்களிலும் நட்டிருக்கும் சில இரும்புக் கால்களும், ஒரு வடக்கயிறும், ஓட்டுகிறவரின் நிதானமுமே. இவற்றுள் கயிற்றைப்பற்றிப் போலீஸார் கேட்பதுண்டு. ஓட்டுகிறவரைப்பற்றி எல்லோரும் பேசுவதுண்டு. இரும்புக் கால்களைப்பற்றி மட்டும் யாரும் பிரஸ்தாபிப்பதில்லை. ஆதலின் இன்று அவற்றைப்பற்றியே எழுத முன்வந்திருக்கிறோம். தலையங்கத்துக்கு இது தக்க விஷயந்தானா என்று நேயர்களிற் சிலர் புன்னகை செய்யக்கூடும். ஒரு தேசத்தின் யோக்கியதையை அதன் மந்திரிகளின் பிரசங்கங்களைக்கொண்டு அளப்பதினும், அதன் பட்டறைகளிலிருந்து வெளிவரும் வேலையைக்கொண்டு அளப்பது உத்தமம் என்பது நமது அபிப்பிராயம்.

மாட்டு வண்டியைப் பழக்கிய குடியானவருக்கு இந்தக் கால் புதியதன்று. வண்டிப் பாரின் இரு ஓரங்களிலும் துளையிட்டுச் செருகும் முளைக்குச்சிதான் இன்று இரும்பாகி லாரியின்மேல் ஏறியிருக்கிறது. வைக்கோலும் கரும்பும் ஏற்றுகிற வண்டிக்கு முளைக்குச்சி எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை மர லாரிக்கு இக்கால்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. முளைக்குச்சி ஒடிந்தால் வைக்கோல் சரியும். வண்டிக்காரர் இறங்கி, ஊர்க்காரர் இருவரைக் கூப்பிட்டு, திரும்ப அடுக்கிக்கொண்டு போவார். இரும்புக்கால் ஒடிந்தால் திரும்ப அடுக்குவதற்கு முன் செய்யவேண்டிய காரியங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்புவது.

ஒரு சிறு கணக்கை நேயர்கள் பொறுத்தருளவேண்டும். 30 சென்டிமீட்டர் குறுக்களவும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தைலமரத் துண்டை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஏறக்குறைய 0.42 கன மீட்டர். வெட்டிய ஈரம் உலராத தைலமரம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1 டன் நிறுக்குமாதலால், அந்த ஒரு துண்டே 400 கிலோவுக்கு மேல் இருக்கும். இத்தகைய துண்டுகள் இருபத்துநான்கை ஏற்றினால் சுமை 10 டன் ஆயிற்று. லாரி ஒரு வளைவில் திரும்பும்போதும், சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஒரு பக்கம் சாயும்போதும், இந்தச் சுமையில் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளுகிறது. ஐரோப்பிய தேசங்களில் சரக்கைக் கட்டுவதற்கென வகுத்த நியமப்படி, சுமையின் எடையில் பாதி பக்கவாட்டிலும், பத்தில் எட்டுப் பங்கு முன்புறமாகவும் தள்ளும் என்று வைத்துக்கொண்டே கட்டுமானம் செய்யவேண்டும். நமது 10 டன் சுமைக்குப் பாதி 5 டன். ஒரு பக்கத்துக்கு நான்கு கால்கள் இருந்தால், ஒவ்வொரு காலும் 1¼ டன் தாங்கவேண்டும். காலின் உயரம் ஒன்றரை மீட்டர் என்றும், தள்ளும் விசை நடுமட்டத்தில் விழுகிறதென்றும் கொண்டு கணக்கிட்டால், கடைத்தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும் 100 மில்லிமீட்டர் சானல் இரும்பு ஏறக்குறைய வளைந்துபோகும் எல்லையிலேயே நிற்கிறது. 125 மில்லிமீட்டர் சானலைப் போட்டால் அதே விசையில் பாதிப் பலத்துக்குச் சற்று அதிகமாகவே செலவாகும். மீதி இருப்பில் இருக்கும். மரங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து ஓரளவு தாமாகவே நிற்குமே என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். பட்டை உரித்த தைலமரம் மழையில் நனைந்திருப்பதைக் கையால் தொட்டுப் பார்த்தவர் அவ்வாறு ஆக்ஷேபிக்கமாட்டார்.

இவ்விரண்டு சானலுக்கும் உள்ள எடை வித்தியாசம் மீட்டருக்குச் சுமார் 3½ கிலோ. எட்டுக் கால்களுக்கு 12 மீட்டர் இரும்பு வேண்டும். ஆக, அதிகப்படும் இரும்பு 42 கிலோ! ஏற்றுகிற மரத்துண்டு ஒன்றின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் இது. இந்தப் பத்தில் ஒரு பங்கு மரத்தின் கூலியை இழக்க மனமின்றி, லாரியையும், அதிலிருக்கும் மனிதரையும், எதிரே சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளையையும் பணயம் வைக்கிறோம். இதில் ஒருவரைமட்டும் குற்றஞ் சொல்வது நியாயமாகாது. லாரிச் சொந்தக்காரருக்கு இக்கணக்கை யாரும் சொல்லவில்லை, பட்டறைக்காரருக்கும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமையுள்ளவர்கள் அதை ஆங்கிலத்தில் அச்சிட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

மற்றொன்று. அதே 100 மில்லிமீட்டர் சானலைத் திசை மாற்றி நிறுத்தினால், அதன் பலம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. சானலின் அகன்ற முதுகு வண்டியின் குறுக்கே நீளவேண்டும். மரத்தின்மேல் முதுகைச் சாய்த்து நிறுத்தக்கூடாது. ஆனால் முதுகு தட்டையாக இருப்பதால் மரத்துக்கு நன்றாக அணைகொடுக்கும் என்று எண்ணி, அவ்வாறே சாய்த்து நிறுத்தியிருப்பதைப் பல லாரிகளில் நாமே பார்த்திருக்கிறோம். ஒரு காசும் அதிகம் செலவில்லாமல், இரும்பைக் கால் வட்டம் திருப்பி வைப்பதனாலேயே ஐந்து மடங்கு பலம் கிடைக்கும் என்ற செய்தி பட்டறைகளுக்கு எட்டவில்லையென்றால், அது யாருடைய தவறு?

இனிப் பற்றவைக்கும் வேலைக்கு வருவோம். கால் எங்கே ஒடிகிறது? நடுவில் ஒடிவதில்லை, நுனியில் ஒடிவதில்லை. அடியில், பற்றவைத்த இடத்துக்கு அரை விரற்கடை மேலே ஒடிகிறது. காற்றில் ஆடுகிற தென்னைக்கு எல்லா வருத்தமும் அடிமரத்தில் வந்து சேர்வதுபோல, நட்டு நிற்கும் காலுக்கும் முறிக்கும் விசை முழுவதும் அடியிலேயே வந்து சேருகிறது. காலின் உயரத்தையும் அதன்மேல் சாயும் மரத்தையும் இரட்டித்தால் அடியில் முறிக்கும் விசை இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. இன்னும் ஒரு வரிசை மரம் ஏற்றுவதற்காகக் காலின் தலையில் ஒரு முழம் இரும்பை ஒட்டுப்போட்டு உயர்த்துகிறவர்கள் இதை அறியார்கள். எதிரெதிர்க் கால்களின் தலைகளை ஒரு சங்கிலியால் இழுத்துப் பிணைத்தால், இந்த விசையில் பெரும்பகுதியைச் சங்கிலி வாங்கிக்கொள்ளும். சங்கிலி போடாமல் கயிற்றை மாத்திரம் மேலே சுற்றிவிட்டுப் புறப்படுவது அரைகுறையான காரியம்.

அடியில் செய்யும் வேலையில் நுட்பங்கள் பல உண்டு. ராடு ஓட்டும்போது ஓரத்தில் இரும்பை அரித்துவிட்டால், அந்த அரிப்பே பின்னால் வெடிப்பின் வாயாகிறது. முதல் வரிசையின் கசடைச் சுரண்டாமல் இரண்டாவது வரிசை ஓட்டினால், வெளியே பார்க்க அழகாயிருக்கும். உள்ளே சாம்பல் இருக்கும். கனத்த இரும்புக்கு ஏற்ற 7018 என்ற ராடு ஈரத்தைக் குடிக்கும் தன்மையுடையது. அதைச் சூட்டடுப்பில் உலர்த்தியே எடுக்கவேண்டும். ஐப்பசி மழையில் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, இரண்டு நாள் கழித்து எடுத்து ஓட்டினால், ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து, வேலை முடிந்து வண்டி போனபிறகு, மறுநாளோ அதற்கு மறுநாளோ உள்ளுக்குள் வெடிப்பை உண்டாக்கும். பட்டறைகளில் உலர்த்தும் அடுப்பு எத்தனை உண்டு என்று விசாரித்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே பெரும்பாலோர் 6013 ராடையே எல்லாவற்றுக்கும் உபயோகிக்கிறார்கள். மெல்லிய இரும்புக்கும் சாதாரண வேலைக்கும் அது நல்ல ராடுதான்; அதன்மேல் நமக்கு வருத்தமில்லை. எதற்கு எது என்று தெரிந்து உபயோகிக்கவேண்டும் என்பதே நாம் சொல்வது.

பழைய இரும்பைப்பற்றியும் சொல்லவேண்டும். கழித்துவிட்ட ரயில் தண்டவாளத் துண்டையும், லாரியின் பழைய கமான் பட்டையையும் காலாக நடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'தண்டவாளமே ரயிலைத் தாங்குகிறதே, மரத்தைத் தாங்காதா?' என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் தண்டவாளம் கரிச்சத்து மிகுந்த உருக்கு. நூற்றில் முக்கால் பங்குவரை கரி கலந்திருக்கும். அதை முன்கூட்டிச் சூடேற்றாமல் பற்றவைத்தால், பற்றிய இடத்தையொட்டிய உருக்குக் கண்ணாடிபோல் கடினமாகி நொறுங்கும் குணம் பெறுகிறது. கமான் பட்டையும் அப்படியே. வளைந்துகொடுத்து எச்சரிக்கை செய்யும் மெல்லிரும்பு ஒருவகை. எச்சரிக்கையின்றிப் பட்டென்று ஒடியும் உருக்கு மற்றொருவகை. சாலையில் போகிறவர்களுக்கு முன்னதே நல்லது.

லாரியின் அடிச்சட்டத்தில் நேராகப் பற்றவைப்பது இவை எல்லாவற்றினும் பெரிய தவறு. அச்சட்டம் உயர்ந்த பலமுள்ள தகட்டால் ஆனது. அதன் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ நெருப்பு வைக்கவேண்டாமென்று லாரி செய்கிற கம்பெனிகள் எல்லாம் வற்புறுத்துகின்றன. குறுக்குச் சட்டம் ஒன்றைத் தனியாகச் செய்து, அதில் கால்களுக்குத் தகட்டுக் கூடு அமைத்து, இரு மருங்கும் முக்கோணத் தகடு கொடுத்து, சுற்றிலும் பற்றவைத்து, அந்தக் குறுக்குச் சட்டத்தை யூ போல்ட்டுகளால் அடிச்சட்டத்தோடு இறுக்குவதே முறை. கூட்டில் செருகிய கால் வளைந்தால் அதைமட்டும் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு கால் போட்டுக்கொள்ளலாம். முளைக்குச்சியைச் செருகிய நம் தச்சருக்கு இந்த யுக்தி தெரிந்திருந்தது. இரும்பு வந்தவுடன் அதை மறந்துவிட்டோம்!

இரும்புக்கும் களைப்பு உண்டு. ஒரே நாளில் ஒடியாத கால், பதினாயிரம் குலுக்கலில் ஒடியும். அது ஒடிவதற்குமுன் ஓர் அடையாளம் காட்டுகிறது. பற்றவைத்த ஓரத்தில், பூசிய வர்ணத்தைப் பிளந்துகொண்டு, மயிரிழைபோல் ஒரு துருக்கோடு தெரியும். கண்ணுள்ளவர் அதைக் கண்டால் அன்றே வண்டியை நிறுத்தவேண்டும். அவ்விதம் நிறுத்திப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வெடித்த இடத்தை அடிவரை அரத்தால் அறுத்தெடுத்துவிட்டு நிரப்புவதற்குப் பதிலாக, வெடிப்பின் மேலேயே ஒருமுறை ராடு இழுத்து, கறுப்பு வர்ணம் அடித்து அனுப்புவது சகஜமாகிவிட்டது. புண்ணின்மேல் சந்தனம் பூசுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

பட்டறைக்காரர்களைப் பழிப்பதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. தகரக் கூரையின் கீழ், சித்திரை வெயிலில், ஒழுங்கான கண்ணாடிகூட இல்லாமல், இரவெல்லாம் கண்ணில் மணல் போட்டதுபோல் எரிய, அவர்கள் செய்கிற தொழிலுக்கு நாம் வணக்கம் செலுத்துகிறோம். வேலை கொடுக்கிறவர் எத்தனை டன் ஏற்றப்போகிறார் என்று அவர்களிடம் சொல்வதில்லை. எவ்வளவுக்கு முடியும், எப்போது முடியும் என்ற இரண்டே கேள்விகளைக் கேட்கிறார். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய இடங்களில் லாரித் தொழிலும் கட்டுமானத் தொழிலும் தழைத்து, தென்னாடெங்கும் பெயர் பெற்றிருப்பது இத்தகைய பட்டறைக் கைகளாலேயே. பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவின் பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டை அடுத்து ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பாலை வைத்து, சேலத்துக் கனியையும் நம் காடுகளின் கரியையும்கொண்டு இரும்பு உருக்கினார். அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே நம் கொல்லர்கள் சிற்றுலைகளில் உருக்கு வார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தகைய கைத்திறனுடைய நாட்டில் அறிவு இல்லாமலில்லை. அறிவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாரே இல்லை.

மலையின் கதையையும் இங்கே விட்டுவிட முடியாது. கல்வராயன் மலை வெகுகாலம் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்து, 1976ஆம் ஆண்டில்தான் ஸர்க்காரின் நேரான நிர்வாகத்துக்கு வந்தது. தேசம் சுதந்திரம் பெற்று ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்தே அங்குள்ள மலையாளிப் பழங்குடியினருக்கு அந்தப் பழைய பிடி தளர்ந்தது என்பதை நினைக்க வெட்கமாயிருக்கிறது. 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. கல்வராயன் மலையும் ஒரு தாலுகாவாகப் பெயர் பெற்றது. பெயர் பெற்றதற்கும் பிழைப்புப் பெற்றதற்கும் தூரம் அதிகம். மலையில் வேலை கிடைக்காத இளைஞர்கள் செம்மரம் வெட்டும் தரகர்களின் கையில் சிக்கி ஆந்திரக் காடுகளுக்குச் சென்ற பரிதாபத்தைத் தமிழர் மறக்கவில்லை. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ந் தேதி சேஷாசலத்தில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, மாண்டவர்களிற் பெரும்பாலோர் நம் மலைகளையும் மலையடிவாரங்களையும் சேர்ந்த ஏழைகளே. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கு மேற்பட்டோரைக் கொன்றபிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்வை விசாரிக்க எடுத்துக்கொண்டது. சாராயத்தை ஒழிப்பதற்கு வேறு தொழில் வேண்டும் என்பதை அப்போது எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த வேறு தொழில் எது என்று கேட்டால்தான் எல்லோரும் ஆகாயத்தைப் பார்க்கிறார்கள்.

வெல்டிங் தொழிலே அவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடாதா? எட்டாம் வகுப்புத் தேறியவர் ஓராண்டில் ஸர்க்கார் தொழிற்பயிற்சி நிலையத்தில் இத்தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். சேலம் ஜில்லாப் பக்கத்து மலையில், கருமந்துறையில், பழங்குடியினருக்கென்றே தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. திருச்சியில் பெல் தொழிற்சாலையைச் சேர்ந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975ஆம் ஆண்டுமுதல் நடந்துவருகிறது. அணுமின் நிலையத்துக் கொதிகலனுக்குப் பற்றவைப்பது எப்படி என்று அங்கே கற்பிக்கிறார்கள். அந்தக் கல்வியில் ஒரு துளி மலையடிவாரத்துப் பட்டறைக்கு வந்து சேர்ந்தால் திருச்சிக்கு ஒன்றும் குறைந்துபோகாது. ஒரு வாரம் இரண்டு ஆசிரியர்களை அனுப்பி, கச்சிராயபாளையத்திலோ கள்ளக்குறிச்சியிலோ பட்டறைக்காரர்களைக் கூட்டி, அவர்கள் பற்றவைத்த இரும்பையே அறுத்துக் காட்டட்டும். உள்ளே கசடு இருப்பதைத் தம் கண்ணால் பார்த்த பிறகு, எந்தப் பட்டறைக்காரரும் பழையபடி ராடு ஓட்டமாட்டார் என்று நாம் உறுதியாக நம்புகிறோம்.

சட்டம் இல்லாமலில்லை. 2019ஆம் ஆண்டில் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றினால் 20,000 ரூபாயும், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். சுமை வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய். வண்டியின் அமைப்பைச் சொந்தக்காரர் முறையின்றி மாற்றினால் ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ விதிக்கலாம். இந்தக் கடைசி விதியினால் ஒரு விபரீதம் விளைகிறது. ஒழுங்கான கால்களைச் செய்து அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெறலாமென்று எண்ணுகிற யோக்கியருக்கும், இதுவே குற்றமென்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் பிடித்துக்கொள்கிறது. ஆகவே தகுதிச் சான்றுக்குப் போகும்போது கால்களைப் பிடுங்கி வீட்டுக் கொல்லையில் போட்டுவிட்டு, திரும்பி வந்ததும் நட்டுக்கொள்கிறார்கள். பரிசோதிக்கவேண்டிய பொருள் ஒன்றே ஒன்று; அது பரிசோதனைக்கு வருவதே இல்லை! 2018ஆம் ஆண்டில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியபோது, லாரிக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அந்த அதிகப்படி 2.3 டன்னைப் பக்கவாட்டில் தாங்கப்போகிற கால்களை யாராவது உயர்த்தினார்களா என்று யாரும் கேட்கவில்லை.

மேலும், சட்டத்தின் வாசகம் வண்டியை ஓட்டுகிறவரை மட்டும் குறிப்பிடவில்லை. ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட விடுகிறவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. மரம் வாங்குகிறவர்கள் யார்? காகித ஆலைகள், மரக்கிடங்குகள், பலகை அறுக்கும் ஆலைகள். அவற்றின் வாசலில் எடைமேடை இருக்கிறது. உள்ளே வருகிற ஒவ்வொரு லாரியும் எவ்வளவு எடை, எவ்வளவு உயரம் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். காசு கொடுப்பதற்காக நிறுக்கிற எடையை, உயிரைக் காப்பதற்காகவும் ஒருமுறை பார்க்கலாகாதா? வரம்பு மீறிய லாரியை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஆலைக்கு நஷ்டம் ஒரு வாரந்தான். எட்டாவது நாள் எல்லா லாரியும் ஒழுங்காக வரும். சாலையில் நிற்கும் போலீஸ்காரர் பத்து வருஷம் முயன்றாலும் செய்ய முடியாத காரியம் இது. ஏழை ஓட்டுநரிடம் அபராதம் வாங்குவது எளிது. ஆலை முதலாளியிடம் கேள்வி கேட்பது கடினம். ஆதலால் எளிதானதையே செய்துவருகிறோம்.

பிற தேசத்தார் இதை எப்படிச் சமாளித்தார்கள்? சுவீடன் தேசத்தில் மர லாரிக்கான கால்களைச் செய்வதே தனித் தொழிலாக வளர்ந்து, உயர்ந்த பலமுள்ள உருக்கில் எடை குறைந்த கால்களைச் செய்து வெளிநாடுகளுக்கும் விற்கிறார்கள். நியூஜீலாந்தில் 1990களில் மர லாரிகள் அடிக்கடி கவிழ்ந்தன. அவர்கள் ஓட்டுநரைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. சுமையின் உயரத்தைக் குறைத்தார்கள். கனரக வண்டி ஒவ்வொன்றும் புவியீர்ப்பின் 100க்கு 35 பங்கு பக்கவிசையைக் கவிழாமல் தாங்கவேண்டும் என்று 2002ஆம் ஆண்டில் விதி செய்தார்கள். கவிழ்வது குறைந்தது. அத்தேசங்களின் விலையுயர்ந்த கால்களை அப்படியே வாங்கிவந்து நடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சுதேசியத்தில் பற்றுள்ள நாம் அவ்வாறு சொல்லவும் மாட்டோம். கடைத்தெருவில் கிடைக்கும் நம் சானல் இரும்பு போதும். நம் பட்டறை போதும். கணக்குத்தான் வேண்டும். கணக்குக்குச் சுங்கவரி இல்லை.

சிறு பட்டறைகளை மூடிவிட்டு, அங்கீகாரம் பெற்ற பெரிய கட்டுமானக் கம்பெனிகளிடமே இவ்வேலையைக் கொடுக்கவேண்டும் என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. அதை நாம் பலமாக ஆக்ஷேபிக்கிறோம். கால் வளைந்த லாரி கள்ளக்குறிச்சியிலிருந்து நாமக்கல் வரை போய் வரிசையில் காத்திருக்காது. இரவோடிரவாக எங்கேயாவது ஒரு மறைவில் ராடு இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிடும். வேலை பகிரங்கமாக நடக்கிறவரையில் அதைத் திருத்தலாம்; மறைவுக்குப் போனபின் திருத்த முடியாது. ஆகையால் போக்குவரத்து இலாகாவார், இரண்டு அச்சு லாரிக்கு ஒன்றும் மூன்று அச்சு லாரிக்கு ஒன்றுமாக, மரக் கால்களுக்குரிய வரைபடங்களைத் தமிழில் அச்சிட்டு, பட்டறைதோறும் சுவரில் ஒட்டும்படி கொடுக்கவேண்டும். எந்தச் சானல், எந்தத் திசையில், எத்தனை கால், எவ்வளவு உயரம், எந்த ராடு, முன்புறத் தடுப்பு எப்படி என்பதெல்லாம் அதில் படமாக இருக்கவேண்டும். அந்த வரைபடப்படி செய்த கால்கள் சட்டவிரோதமான மாற்றமாகா என்று வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். செய்த பட்டறை தன் அடையாளத்தையும் தேதியையும் காலின் அடியில் உளியால் பொறித்துவிட்டால், நல்ல வேலை செய்கிறவருக்கு அதுவே விளம்பரமாகும். தகுதிச் சான்றுக்கு வரும் மர லாரி கால்களோடுதான் வரவேண்டும்.

முன்புறத் தடுப்பு என்றோம். அதைப்பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். நீளவாக்கில் அடுக்கிய மரத்துக்குப் பக்கத்துக் கால்கள் மாத்திரம் போதா. மலைச் சாலையில் இறங்கும்போது சட்டென்று பிரேக் பிடித்தால், மரங்கள் அம்புபோல் முன்னோக்கி நழுவி, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னாலிருக்கும் மெல்லிய தகட்டைத் துளைத்துவிடும். பக்கத்துக் காலுக்கு எடையில் பாதி தாங்கும் பலம் வேண்டுமென்றால், முன்தடுப்புக்கு அதைவிட அதிகம் வேண்டும். ஆனால் நாம் பார்த்த லாரிகளில் முன்தடுப்பு என்பது பெரும்பாலும் சாமி படமும் மாலையும் மாட்டுவதற்குரிய ஒரு சட்டமாகவே இருக்கிறது.

மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து வருகிற கூலியாட்களை நினைக்கும்போதுதான் மனம் அதிகம் கலங்குகிறது. வெட்டுவதற்கும் ஏற்றுவதற்கும் போனவர்கள் திரும்புவதற்கு வேறு வண்டி இல்லை. அல்லது வேறு வண்டிக்குக் கூலியில் மிச்சமில்லை. அடுக்கின் உச்சியில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பக்கம் சாய்ந்தபடி அவர்கள் வருகிறார்கள். ஒரு கால் ஒடிந்தால் முதலில் விழுகிறவர்கள் அவர்கள். மரங்கள் விழுவது அவர்கள்மேல். விபத்துக்குப்பின் தொழிலாளர் என்ற கணக்கிலும் அவர்கள் வருவதில்லை, பிரயாணிகள் என்ற கணக்கிலும் வருவதில்லை. மரம் ஏற்ற ஆள் அமர்த்துகிறவர், அவர்களைத் திருப்பிக்கொண்டுவர ஒரு சிறு வண்டியும் அமர்த்தவேண்டும் என்பதைக் குத்தகைப் பத்திரத்திலேயே சேர்க்கவேண்டும். ஸர்க்கார் இலாகாக்கள் மரம் ஏலம் விடும்போது இந்த நிபந்தனையைத் தாமே முதலில் எழுதிக் காட்டட்டும்.

கள்ளக்குறிச்சிச் சிற்பிகளின் மரச்சிற்பங்களுக்கு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஜில்லா முழுவதும் பெருமைப்பட்டது, நாமும் பெருமைப்பட்டோம். வாகையிலும் வேம்பிலும் தெய்வங்களைச் செதுக்கும் அக்கைகளுக்கு மரம் வந்து சேர்வதும் இதே லாரிகளின் முதுகில், இதே கால்களின் நடுவில்தான். ஜில்லா அதிகாரிகள் ஒரு நாள் காலையில் கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் நிற்கட்டும். ஒரு சுத்தியலும், ஓர் அளவுகோலும், கிழித்துப் பார்க்க ஒரு கம்பித் தூரிகையும் கையில் இருந்தால் போதும். இறங்கி வருகிற முதல் பத்து லாரிகளின் கால்களைத் தட்டிப் பார்த்து, அடியிலுள்ள வர்ணத்தைச் சுரண்டி, கண்டதை அன்று மாலையே வெளியிடட்டும். அபராதச் சீட்டுப் புஸ்தகத்தை அன்று ஒரு நாள் மட்டும் கச்சேரியிலேயே வைத்துவிட்டு வரலாம்.